ஒரு போட்டோவுக்குள் ஆறு வீடியோ ஃப்ரேம் அடங்கும், தெரியுமா?

உங்கள் செல்போனில் எடுக்கும் சாதாரண 12 மெகாபிக்சல் போட்டோ ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட ஆறு முழு எச்டி வீடியோ ஃப்ரேம்களுக்கான பிக்சல் இருக்கிறது, தெரியுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள்! போட்டோவின் அளவு 4032×3024. பெருக்கினால் 1 கோடியே 21 லட்சத்து 92 ஆயிரத்து 768 பிக்சல். முழு எச்டி ஃப்ரேம் 1920×1080. பெருக்கினால் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 பிக்சல்தான். இத்தனை பெரிய படத்தைக் கொண்டுபோய் எடிட்டிங் டைம்லைனில் வைத்தால் என்ன ஆகிறது? இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை! "அண்ணே, போட்டோ நல்லாத்தானே இருந்துச்சு, டிவியில மட்டும் ஏன் ரெண்டு பக்கமும் கறுப்பா வருது?" என்று கல்யாண வீட்டுக்காரர்கள் எடிட்டரிடம் கேட்காத ஊர் உண்டா?

படம் சின்னது என்பதால் அந்தப் பட்டை வரவில்லை. வடிவம் வேறு என்பதால் வருகிறது. செல்போன் போட்டோ 4:3, வீடியோ 16:9. உயரத்தைப் பொருத்தினால் படம் 1440×1080 ஆகச் சுருங்கும். இடப்பக்கம் 240 பிக்சல், வலப்பக்கம் 240 பிக்சல் காலி. அகலத்தைப் பொருத்தினால் 1920×1440 ஆகும். 360 வரி ஃப்ரேமுக்கு வெளியே போய்விடும். அதாவது படத்தில் சரியாக நாலில் ஒரு பங்கு! குரூப் போட்டோவில் அந்த நாலில் ஒரு பங்குக்குள் பின்வரிசையில் நிற்கும் மாமா, சித்தப்பாக்களின் தலை இருக்கும். அதனால் ஆளைப் பார்த்து, படத்தை மேலேயோ கீழேயோ நகர்த்தி வைக்க வேண்டும். மென்பொருள் தானாக நடுவில் வைத்துவிட்டுப் போய்விடும். அதற்கு மாமாவைத் தெரியாது.

ஒரே ஃபிலிம், மூன்று வடிவம்

போட்டோவும் சினிமாவும் ஒரே ஃபிலிமிலிருந்து வந்தவை என்பது தெரியுமா? 1890-களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த வில்லியம் கென்னடி லாரி டிக்சன், 35 மில்லிமீட்டர் அகல ஃபிலிமில் ஒரு ஃப்ரேமுக்கு ஓரத்தில் நாலு துளை என்று வகுத்தார். அந்த ஃப்ரேமின் வடிவம்தான் 4:3. பிறகு வந்த டிவிப் பெட்டிகள் அதையே எடுத்துக்கொண்டன. கேமராவுக்குள் அந்த ஃபிலிம் மேலிருந்து கீழாக ஓடியது.

ஜெர்மனியில் ஆஸ்கர் பர்னாக் என்பவர் அதே சினிமா ஃபிலிமைப் படுக்கைவாட்டில் ஓடவிட்டார்! 18×24 மில்லிமீட்டர் சினிமா ஃப்ரேம்கள் இரண்டைச் சேர்த்தால் 24×36. 1925-ல் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்தது, 3:2 என்ற வடிவமும் அதோடு வந்தது. இன்று டிஎஸ்எல்ஆர் கேமராவில் எடுக்கும் 6000×4000 படம்கூட அதே 3:2 தான். அதை எச்டி ஃப்ரேமின் அகலத்துக்குப் பொருத்தினால் 200 வரி மட்டுமே வெளியே போகும். செல்போன் படத்தைவிட டிஎஸ்எல்ஆர் படம் டைம்லைனில் லேசாக உட்காருவதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, பர்னாக்!

சரி, 16:9 எங்கிருந்து வந்தது? 1980-களில், எச்டி டிவிக்கு என்ன வடிவம் என்று வல்லுநர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு வேலை செய்தார். அப்போது புழக்கத்தில் இருந்த படவடிவங்கள் அத்தனைக்கும் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்கள் எடுத்து, நடுப்புள்ளி பொருந்த ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். எல்லாவற்றையும் உள்ளே அடக்கும் வெளிச்செவ்வகத்தின் விகிதம் சுமார் 1.77. எல்லாவற்றுக்கும் பொதுவாக உள்ளே விழும் செவ்வகத்தின் விகிதமும் அதே 1.77! பழைய டிவிக்கும் அகலத்திரைச் சினிமாவுக்கும் நடுவே இரண்டு தரப்புக்கும் சம அளவில் இடம் வீணாகும் வடிவம் அது. இன்னொன்றும் கவனியுங்கள்: 4/3-ஐ 4/3-ஆல் பெருக்கினால் 16/9!

செல்போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த போட்டோவின் நிலைமை இன்னும் மோசம். உயரத்துக்குப் பொருத்தினால் அது 810×1080. இரண்டு பக்கமும் 555 பிக்சல் காலி. படத்தைவிடக் காலியிடம்தான் அதிகம்! அந்த இடத்தை நிரப்ப, அதே போட்டோவைப் பெரிதாக்கி, மங்கலாக்கிப் பின்னால் வைக்கும் பழக்கம் எல்லா ஊர் ஸ்டுடியோவிலும் உண்டு. சிலர் அதைக் குறை சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கும். நடுவில் இருக்கும் முகம் முழுசாகத் தெரிகிறதே! பொறுக்க முடியாத ஒன்று உண்டென்றால், கறுப்புப் பட்டை வேண்டாம் என்று படத்தை இழுத்து நிரப்புவது. 810-ஐ 1920 ஆக இழுத்தால் அகலம் 2.37 மடங்கு ஆகிறது. பெற்ற தாய்க்கே பிள்ளையின் முகம் அடையாளம் தெரியாது.

டிபிஐ என்ற எண்ணை வீடியோ பார்ப்பதே இல்லை!

"300 டிபிஐ-ல கொடுங்க, அப்பத்தான் வீடியோவுல கிளியரா வரும்" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 6000×4000 போட்டோ ஒன்றில் 72 டிபிஐ என்று எழுதியிருந்தாலும் 300 என்று எழுதியிருந்தாலும் 3000 என்று எழுதியிருந்தாலும் வீடியோவில் அது ஒரே படம்தான், தெரியுமா? அந்த எண் பிரிண்டர்களுக்கு. ஓர் அங்குலத் தாளில் எத்தனை புள்ளி வைப்பது என்று அது சொல்கிறது. டிவித் திரையில் அங்குலக் கணக்கு எதுவும் கிடையாது. 32 அங்குல டிவியிலும் 65 அங்குல டிவியிலும் எச்டி ஃப்ரேம் என்றால் அதே 1920×1080.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் டிபிஐ உயிர்போகிற விஷயம்: ஸ்கேனிங்! பல வீடுகளில் தாத்தாவுக்கு இருக்கும் ஒரே படம், எப்போதோ ஏதோ விண்ணப்பத்துக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோதான். 3.5 சென்டிமீட்டர் அகலம், 4.5 சென்டிமீட்டர் உயரம். அதை வழக்கம்போல் 300 டிபிஐ-ல் ஸ்கேன் செய்தால் கிடைப்பது 413×531 பிக்சல். எச்டி ஃப்ரேமின் உயரத்தில் பாதிக்கும் குறைவு! திரை நிரம்பும்படி வைக்க அதை இரண்டு மடங்கு ஊத வேண்டும். மீசையும் நெற்றித் திருநீறும் கரைந்து ஒன்றாகிவிடும். அதே படத்தை 1200 டிபிஐ-ல் ஸ்கேன் செய்து பாருங்கள்: 1654×2126 பிக்சல்! ஃப்ரேமின் உயரத்தைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முழு முகத்தில் தொடங்கி, மெல்லக் கண்களுக்கு நெருங்கிப் போகலாம். தாளில் படம் நன்றாக இருந்தால் சட்டைப் பொத்தானின் துளைகூடத் தெரியும். ஸ்கேனர் ஒன்றுதான், போட்டோ ஒன்றுதான். மாறியது மெனுவில் ஓர் எண் மட்டும். ஸ்கேன் செய்பவரிடம் கொடுக்கும்போதே "1200 வைங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சாதாரண 4×6 அங்குலப் பிரிண்டுக்கு 600 டிபிஐ தாராளம், 3600×2400 கிடைக்கும்.

வாட்ஸ்அப் விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரணமாக அனுப்பும் போட்டோவின் நீண்ட பக்கத்தை அது பெரும்பாலும் 1600 பிக்சல் அளவுக்குச் சுருக்கிவிடுகிறது. 12 மெகாபிக்சல் புறப்பட்டு, வந்து சேரும்போது 2 மெகாபிக்சலுக்கும் குறைவு! எச்டி ஃப்ரேமின் அகலத்தை நிரப்பவே அதை 120 சதவீதமாகப் பெரிதாக்க வேண்டும். 4கே டைம்லைன் என்றால் 240 சதவீதம். அதே படத்தை 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொன்னால் ஒரு பிக்சல் குறையாமல் வந்து சேரும். கடல் கடந்து இருக்கும் உறவினரிடம் படம் கேட்கும்போது மறக்காமல் சொல்ல வேண்டிய செய்தி இது.

பெயரில் ஒரு சொல் வித்தியாசம், படத்தில் மலையளவு வித்தியாசம்

ப்ரீமியர் ப்ரோ எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்பவர்களே பலர் கவனிக்காத ஒன்று. போட்டோவின் மேல் ரைட் கிளிக் செய்தால் 'ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ்' என்றும் 'செட் டு ஃப்ரேம் சைஸ்' என்றும் இரண்டு கட்டளைகள் அடுத்தடுத்து இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு பெயர் கொஞ்சம் மாறலாம். இரண்டில் எதை அழுத்தினாலும் திரையில் தெரிவது ஒன்றே! படம் அழகாக ஃப்ரேமுக்குள் வந்து உட்காரும். உள்ளே நடப்பது வேறு.

'ஸ்கேல்' அழுத்தினால், 4032×3024 படம் 1440×1080 ஆகவே சுருக்கப்பட்டுவிடும். அதற்கு மேல் இருந்த பிக்சல்களை டைம்லைன் மறந்துவிடும். எஃபெக்ட் கன்ட்ரோல்ஸில் அளவு 100 என்று காட்டும். அங்கிருந்து 200-க்கு ஜூம் போனால், சுருங்கிய படத்தைத்தான் அது ஊதுகிறது, ஆகவே மங்கும். 'செட்' அழுத்தினால் ஒரு பிக்சலும் போகாது, அளவு 35.7 என்று காட்டும், அவ்வளவுதான். அங்கிருந்து 71.4-க்குப் போனால் அதே இரண்டு மடங்கு ஜூம். ஆனால் இன்னும் 100-ஐத் தொடவில்லை, ஆகவே படம் துல்லியமாகவே இருக்கும்! ஒரே போட்டோ, ஒரே ஜூம். ஒன்று மங்கல், ஒன்று தெளிவு. உங்கள் பழைய ப்ராஜெக்ட் ஒன்றைத் திறந்து, மங்கலாகத் தெரியும் போட்டோவில் அந்த எண்ணைப் பாருங்கள். மூலப்படம் பெரியதாக இருந்தும் எண் 100-க்கு மேல் இருந்தால், 'செட்' கட்டளைக்கு மாற்றி அளவைத் திருத்தியதும் படம் பளிச்சென்று வருவதை உங்கள் கண்ணாலேயே காணலாம். இன்னொரு எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வில் இந்தத் தொல்லை இல்லை. ஃப்ரேமுக்குப் பொருத்தி வைத்த பிறகும் ஜூம் செய்யும்போது அது மூலப்படத்தின் பிக்சல்களிலிருந்தே எடுக்கிறது.

அப்படியானால் எவ்வளவு பெரிய படமானாலும் அப்படியே போட்டுவிடலாமா? கூடாது! 6000×4000 ஜேபெக் கோப்பு டிஸ்கில் சில எம்பி இடம்தான் பிடிக்கும். திறந்ததும் ஒவ்வொரு பிக்சலுக்கும் நாலு பைட் வீதம் அது 96 எம்பி ஆக விரிகிறது, தெரியுமா? எச்டி ஃப்ரேம் ஒன்றுக்குத் தேவை 8.3 எம்பி. முந்நூறு போட்டோ போட்ட டைம்லைன் திணறுவது கம்ப்யூட்டரின் குற்றமல்ல. எவ்வளவு ஜூம் செய்யப்போகிறோமோ அத்தனை மடங்கு போதும். இரண்டு மடங்கு ஜூம் என்றால் 3840×2160.

சதுரமில்லாத பிக்சல்!

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நம் வீட்டுக் கல்யாண டிவிடி இருக்கிறதே, அதன் ஃப்ரேம் 720×576. 720-ஐ 576-ஆல் வகுத்தால் 1.25. ஆனால் டிவியில் தெரியும் படமோ 4:3, அதாவது 1.33! கணக்கு எங்கே இடிக்கிறது? அந்தப் பிக்சல்கள் சதுரமே இல்லை. உயரத்தைவிட அகலம் சற்று அதிகமான பிக்சல்கள் அவை. அமெரிக்க முறையான 720×480-ல் நேர்மாறு. அங்கே பிக்சல் ஒல்லி.

இரண்டு முறைக்கும் எப்படி ஒரே 720 வந்தது? 1982-ல் உலக நாடுகள் டிஜிட்டல் வீடியோவுக்கு ஒரு பொது விதி வகுத்தன. ஐரோப்பா, இந்தியா பக்கம் 625 வரி டிவி, அமெரிக்கா, ஜப்பான் பக்கம் 525 வரி டிவி. இரண்டுக்கும் மிச்சமின்றி வகுபடும் ஒரு வேகத்தைத் தேடி, நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் மாதிரிகள் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு வரிக்கு அங்கே 858 மாதிரி, இங்கே 864; கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு இருவருக்கும் பொதுவாக 720. அலைகளின் கணக்கு அழகாக முடிந்தது, பிக்சல் சதுரமாக வராமல் போனது! இந்தியாவில் கலர் டிவி வந்ததும் அதே 1982-ல்தான்.

விளைவு என்ன? ஃபோட்டோஷாப்பில் வரைந்த ஓர் அசல் வட்டத்தை அப்படியே டிவிடி ஃப்ரேமில் வைத்தால் சுமார் ஏழு சதவீதம் அகலமாகி முட்டை ஆகிவிடும். மணப்பெண்ணின் முகமும் அப்படித்தான். அதனால்தான் அந்தக் காலத்து அனுபவஸ்தர்கள் போட்டோவை 768×576 அளவில் தயாரித்து, பிறகு 720×576-க்குள் அமுக்கினார்கள். டிவி அதை மறுபடி விரித்துக் காட்டும்போது முகம் சரியாக வரும். அகலத்திரை டிவிடி என்றால் 1024×576 படத்தை அதே 720-க்குள் அமுக்க வேண்டும்! சினிமாஸ்கோப்பில் லென்ஸ் செய்யும் அதே வித்தைதான் இது. 1953-ல் ஹாலிவுட்டின் 'தி ரோப்' படத்திலும், 1973-ல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' படத்திலும் ஃபிலிமில் எல்லோரும் ஒல்லியாகவே பதிவாகியிருந்தார்கள். புரொஜெக்டர் லென்ஸ்தான் அவர்களுக்கு உடம்பைத் திருப்பிக் கொடுத்தது.

இன்று அப்பா அம்மா கல்யாண டிவிடியிலிருந்து ஒரு காட்சியைப் படமாக எடுத்து, 60-ம் கல்யாண வீடியோவில் சேர்க்கிறீர்களா? எடுத்த 720×576 படத்தை 768×576 ஆக்கிவிட்டுச் சேருங்கள். ஒரே நிமிட வேலை.

சதுரப் பிக்சலைத் தொடங்கி வைத்தவர் ரஸ்ஸல் கிர்ஷ். 1957-ல் அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிலையத்தில், தம் மூன்று மாத மகனின் போட்டோவை ஸ்கேன் செய்தார். உலகின் முதல் டிஜிட்டல் ஸ்கேன் படம் அது: 176×176 பிக்சல்! பிக்சலைச் சதுரமாக வைத்தது தவறு என்று எண்பது வயதைத் தாண்டிய பிறகு அவரே சொல்லி, வேறு வேறு வடிவத்தில் பிக்சல் அமைக்கும் முறை ஒன்றையும் முன்வைத்தார், தெரியுமா?

இன்னொரு கணக்கு. 720×576 எத்தனை? 4,14,720. அதை ஐந்தால் பெருக்குங்கள்: 20,73,600! அதாவது ஐந்து கல்யாண டிவிடி ஃப்ரேம் சேர்ந்தால், ஒரு பிக்சல் கூடாமல் குறையாமல், ஒரு முழு எச்டி ஃப்ரேம். 4கே டிவியின் 3840×2160-க்கு இருபது!

டிவி விழுங்கும் ஓரம், விளையாடும் கோடு

பழைய டிவிகள் படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும். தொழிற்சாலையிலிருந்து வந்த அமைப்பை மாற்றாமல் விட்ட புது டிவிகள் சிலவும் அப்படியே செய்கின்றன. ஆகவே போட்டோவின் கீழே பெயர் எழுதினால், ஃப்ரேமின் நடு 90 சதவீதத்துக்குள் எழுதுங்கள். பழைய விதியில் அது 80 சதவீதம்.

பட்டுப்புடவைக் கரையில் இருக்கும் மெல்லிய கோடுகள் டிவியில் துடிக்கின்றனவா? இன்டர்லேஸ் முறையில் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறி மாறித்தான் வரும். ஒரே பிக்சல் கனமுள்ள கோடு நொடிக்கு 25 தடவை வந்து வந்து மறைகிறது! மேலும் கீழுமாக இம்மியளவு மங்கலாக்கினால் துடிப்பு நின்றுவிடும்.

1080-க்குள் ஒளிந்திருக்கும் எட்டு வரி

போட்டோவை க்ராப் செய்து 1079×1921 என்று ஏதோ ஒரு அளவில் வீடியோவாக்கப் பார்த்தால் மென்பொருள் ஏன் மறுக்கிறது, தெரியுமா? நம் கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் துல்லியமாகத் தெரியும். நிற வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. அதனால் சாதாரண வீடியோவில் நாலு பிக்சலுக்கு, அதாவது 2×2 கட்டத்துக்கு, ஒரே நிறத்தகவல்தான் சேமிக்கிறார்கள்! அகலமும் உயரமும் இரட்டைப்படை எண்ணாக இருந்தால்தான் கட்டம் நிரம்பும்.

வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.264 முறை படத்தை 16×16 கட்டங்களாகப் பிரிக்கிறது. 1920-ஐ 16-ஆல் வகுத்தால் 120. 1080-ஐ வகுத்தால் 67.5! அரைக் கட்டத்தை என்ன செய்வது? உள்ளே 1088 வரியாகவே சேமித்துவிட்டு, காட்டும்போது கடைசி எட்டு வரியை வெட்டிவிடு என்று கோப்பிலேயே ஒரு குறிப்பும் வைத்துவிடுகிறார்கள். நீங்கள் பார்க்கும் பெரும்பாலான எச்.264 எச்டி வீடியோக்களின் அடியில் யாருமே பார்க்காத எட்டு வரிகள் இருக்கின்றன!

நின்ற படத்தை ஓடவைத்தவர்கள்

அசையாத போட்டோமேல் கேமராவை மெல்ல நகர்த்தும் முறையை உலகமே கென் பர்ன்ஸ் எஃபெக்ட் என்கிறது. 1990-ல் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி ஆவணப்பட இயக்குநர் கென் பர்ன்ஸ் எடுத்த 'தி சிவில் வார்' தொடர் பதினொரு மணி நேரத்துக்கும் மேல் ஓடும். சினிமா பிறப்பதற்கு முன்னால் நடந்த போர் அது. ஓடும் படம் ஒன்றுகூடக் கிடையாது! பழைய போட்டோக்களை வைத்தே பீரங்கியைச் சுட வைத்தார், சிப்பாய்களை நடக்க வைத்தார். ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் பர்ன்ஸிடமே கேட்டு அந்தப் பெயரை 2003-ல் ஐமூவி எடிட்டிங் மென்பொருளில் வைத்தார்.

பர்ன்ஸோ, தமக்கு வழிகாட்டியது 1957-ல் வந்த 'சிட்டி ஆஃப் கோல்ட்' என்ற கனடியக் குறும்படம் என்பார். காலின் லோவும் வுல்ஃப் கோனிக்கும் எடுத்தது. தங்கம் தேடிக் கூட்டம் கூட்டமாக மக்கள் போன டாசன் நகரத்தின் பழைய போட்டோக்கள்மேல் கேமரா கையில் பிடித்ததுபோல் இயல்பாக அலைய வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். அதற்கென்றே தனிக் கருவி ஒன்றை உருவாக்கிக் கொடுத்தவர் ரோமன் குரோய்ட்டர். அவர் யார், தெரியுமா? பிற்காலத்தில் ஐமாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்!

அவர்கள் கருவி கட்டிச் செய்ததை இன்று தொடக்க அளவையும் முடிவு அளவையும் குறிக்கும் இரண்டு கீஃப்ரேம் வைத்துச் செய்கிறோம். ஒரு நுணுக்கம் மட்டும் பாக்கி. 100-லிருந்து 200-க்குச் சீராக ஜூம் போகச் சொன்னால், படம் தொடக்கத்தில் வேகமாகவும் முடிவில் சோம்பலாகவும் நெருங்குவதுபோல் தோன்றும். ஏனென்றால் 100-லிருந்து 110 என்பது பத்து சதவீத வளர்ச்சி. 190-லிருந்து 200 என்பது ஐந்து சதவீதம் சொச்சம்தான். கண் கூட்டல் கணக்கைப் பார்ப்பதில்லை, பெருக்கல் கணக்கைப் பார்க்கிறது! ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் 'எக்ஸ்போனென்ஷியல் ஸ்கேல்' என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. அது இல்லாத மென்பொருளில் எட்டு நொடி ஜூமுக்கு இரண்டிரண்டு நொடி இடைவெளியில் ஐந்து கீஃப்ரேம் வைத்து, 100, 119, 141, 168, 200 என்று எண்களைப் போட்டு ஓடவிட்டுப் பாருங்கள்.